‘மிஸ்மேட்ச்’ என்று கடிதம் வந்தால்

சிங்கப்பூரின் துவாஸில் கப்பல் பழுதுபார்க்கும் நிறுவனம் ஒன்றில் ஊழியர்களின் ஆவணங்களைக் கவனித்துக்கொள்வது என் வேலை. வேலை அனுமதி அட்டை, மருத்துவப் பரிசோதனை, வங்கிக் கணக்கு, ஊருக்குப் போக டிக்கெட் என்று எல்லாக் காகிதமும் என் மேசையைக் கடந்துதான் போகும். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் எங்களிடம் அதிகம். ஆங்கிலத்தில் ஏதாவது செய்தி வந்தால் கைப்பேசியை நீட்டியபடி வந்து நிற்பார்கள். அப்படி வரும் செய்திகளில் நான் அடிக்கடி பார்க்கும் சொல் ‘மிஸ்மேட்ச்’. நேம் மிஸ்மேட்ச், டேட் ஆஃப் பர்த் மிஸ்மேட்ச், சிக்னேச்சர் மிஸ்மேட்ச். ஒரு சின்னச் சொல். ஆனால் அதைத் தவறாகப் புரிந்துகொண்டு தூக்கத்தையும் பணத்தையும் இழந்தவர்களை நேரில் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நம் காதில் இந்தச் சொல் விழும் விதத்திலேயே முதல் சிக்கல் இருக்கிறது. பேச்சில் நாம் ‘மிஸ் ஆகிவிட்டது’ என்றால் தொலைந்துவிட்டது, தவறிப்போய்விட்டது என்று பொருள். பஸ் மிஸ் ஆகிவிட்டது, சாவி மிஸ் ஆகிவிட்டது. அறந்தாங்கிப் பக்கத்துத் தம்பி ஒருவர் ஒரு நாள் ஓடிவந்து, “அக்கா, என் பெயர் கணினியில் மிஸ் ஆகிவிட்டதாம், இனி என்ன செய்வது?” என்று கேட்டார். பெயர் எங்கும் போகவில்லை. இரண்டு இடத்தில் இரண்டு விதமாக இருந்தது, அவ்வளவுதான். வேறு சிலருக்கு இது நேர்மாறாகக் கேட்கிறது. மிஸ்டேக் என்ற சொல் பழக்கம் என்பதால், தாங்கள் ஏதோ தப்புச் செய்துவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். பரமக்குடிக்காரர் ஒருவர், வயதில் என்னைவிடப் பெரியவர், தலையைக் குனிந்துகொண்டு, “நான் பொய்ப் பெயரில் வந்திருக்கிறேன் என்று எழுதியிருக்கிறார்களாம்மா?” என்று கேட்டது எனக்கு இன்னும் மறக்கவில்லை. ஒரு வங்கி அனுப்பிய வழக்கமான இரண்டு வரிச் செய்தி அது. இரவெல்லாம் அதைப் பார்த்துக்கொண்டு விழித்திருந்திருக்கிறார்.

சொல்லைப் பிரித்துப் பார்த்தால் அச்சம் போய்விடும். ‘மேட்ச்’ என்றால் இணைவது, ஒத்திருப்பது. முன்னால் ஒட்டியிருக்கும் ‘மிஸ்’ தனிச்சொல் இல்லை, ஒரு முன்னொட்டு. மிஸ்யூஸ், மிஸ்ஸ்பெல், மிஸ்அண்டர்ஸ்டாண்டிங் ஆகிய சொற்களில் வரும் அதே ‘மிஸ்’. சரியாக நடக்காத ஒன்றை அது குறிக்கும். தொலைந்துபோனதைச் சொல்லும் ‘மிஸ்’ வேறு வினைச்சொல். ஆக, சேர்ந்திருக்க வேண்டிய இரண்டு, சேராமல் இருக்கின்றன என்பதே மிஸ்மேட்ச். இரண்டில் எது சரி, எது பிழை என்று அந்தச் சொல் சொல்வதே இல்லை. யார் பொறுப்பு என்றும் சொல்லவில்லை. இரண்டுமே அதனதன் இடத்தில் சரியாகவும் இருக்கலாம்.

நம் வீடுகளில் இதற்கு ஈடான ஒன்று உண்டு. கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்க்கிறோம். தினம், கணம் என்று தொடங்கி ரஜ்ஜு, வேதை வரை பத்தும் பார்த்துவிட்டு ஜோசியர் “பொருந்தவில்லை” என்று சொன்னால், பெண்ணின் ஜாதகம் பிழை என்றோ பையனின் ஜாதகம் போலி என்றோ யாரும் எடுத்துக்கொள்வதில்லை. இந்த இரண்டும் சேரவில்லை என்று மட்டும்தான் புரிந்துகொள்கிறோம். வங்கிக்காரர் சொல்லும் மிஸ்மேட்ச்சும் அதே கணக்குத்தான்.

எங்கள் அலுவலக அறிவிப்புப் பலகையில் முன்பு இதற்குப் ‘பெயர்ப் பிழை’ என்று மொழிபெயர்த்து ஒட்டியிருந்தார்கள். நான் அதை எடுத்துவிட்டு ‘பெயர் ஒத்துப்போகவில்லை’ என்று மாற்றினேன். பொருந்தாமை என்பது நல்ல சொல்தான், கட்டுரைக்கு அது போதும். முரண்பாடு கொஞ்சம் கனமானது, இருவர் எதிரெதிராகப் பேசும் இடத்துக்கு ஏற்றது. ஆனால் ‘ஒத்துப்போகவில்லை’ என்று படித்த தொழிலாளி அடுத்த நொடியே ‘எதோடு?’ என்று கேட்கிறார். அந்தக் கேள்விதான் நமக்கு வேண்டும். பிழை என்று எழுதினால் அவர் ‘யார் செய்தது?’ என்று கேட்பார், அல்லது தானே செய்ததாக எண்ணிக் கலங்குவார்.

இந்த ‘எதோடு?’ என்ற கேள்வியை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள் என்று எல்லாரிடமும் சொல்கிறேன். மிஸ்மேட்ச் என்று யார் சொன்னாலும், எந்த ஆவணத்துக்கும் எந்த ஆவணத்துக்கும் இடையே என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் ஒரு காகிதத்தைக்கூடத் திருத்தக் கொடுக்காதீர்கள். மன்னார்குடியைச் சேர்ந்த வெல்டர் ஒருவர் மனைவிக்குப் பணம் அனுப்பினார். சில நாள் கழித்து அது திரும்பி வந்துவிட்டது. காரணமாக நேம் மிஸ்மேட்ச் என்று மட்டும் போட்டிருந்தது. அவர் உடனே ஊருக்குத் தொலைபேசியில் பேசி, மனைவியை ஆதார் மையத்துக்குப் போய்ப் பெயரை மாற்றச் சொல்லிவிட்டு என்னிடம் வந்தார். நல்ல வேளை, அந்த அம்மா இன்னும் கிளம்பியிருக்கவில்லை. வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொன்னோம். கல்யாணத்துக்கு முன்பே, படிக்கும் காலத்தில் தொடங்கிய கணக்கு. அப்பாவின் முன்னெழுத்தும் அவர் பெயரும் மட்டும் இருந்தன. இங்கே கணவர் பணம் அனுப்பும் படிவத்தில் மனைவியின் பெயருக்குப் பின்னால் தன் பெயரைச் சேர்த்து எழுதியிருந்தார். ஒத்துப்போகாதது படிவமும் வங்கிக் கணக்கும். ஆதாருக்கு இதில் எந்த வேலையும் இல்லை. படிவத்தை வங்கிப் புத்தகத்தில் உள்ளபடியே, புள்ளி, இடைவெளி, முன்னெழுத்து எதுவும் மாறாமல் எழுதி மறுபடி அனுப்பியதும் பணம் போய்ச் சேர்ந்தது.

ஆதாரில் கை வைப்பதற்கு முன் ஒருமுறைக்கு இருமுறை யோசிக்க வேண்டும் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அதில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறையும், பிறந்த தேதியை ஒரே ஒரு முறையும்தான் சாதாரண வழியில் மாற்ற முடியும். அவசரத்தில் ஒரு முறையை வீணாக்கிவிட்டால், உண்மையிலேயே தேவைப்படும் நாளில் கையில் எதுவும் இருக்காது.

பெயர் விஷயத்தில் நம்மவர்களுக்கு ஏன் இத்தனை தொல்லை என்று பலர் அலுத்துக்கொள்கிறார்கள். நம் பெயரில் குறை ஒன்றும் இல்லை. படிவங்கள் வேறு வழக்கத்தில் பிறந்தவை. நமக்கு அப்பாவின் முதலெழுத்து, பிறகு நம் பெயர். படிவத்துக்குக் குடும்பப் பெயர் ஒரு கட்டத்தில், இட்ட பெயர் இன்னொரு கட்டத்தில் வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட்டில் முன்னெழுத்தை அப்படியே போட முடியாது, விரித்து எழுத வேண்டும். முருகேசன் மகன் கார்த்திக் என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். பள்ளிச் சான்றிதழில் மு. கார்த்திக். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் முருகேசன், இட்ட பெயர் கார்த்திக். சிலருக்குக் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும், இரண்டு பெயரும் இட்ட பெயர்க் கட்டத்திலேயே ஒன்றாக நிற்கும். இங்கே வந்தபின் அட்டையில் அப்பா பெயர் முன்னால் வந்து நிற்பது சாதாரணம். மேற்பார்வையாளர் காலை வருகைப் பதிவில் ‘முருகேசன்’ என்று கூப்பிடுவார். ஊரில் மாட்டுக் கொட்டகையைக் கவனித்துக்கொண்டிருக்கும் அப்பா இங்கே கப்பலுக்கு அடியில் வேலை செய்வதுபோல இருக்கும் என்று ஒரு தம்பி சொன்னார்.

பாஸ்போர்ட்டில் படம் இருக்கும் பக்கத்தின் அடியில் இரண்டு வரி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலோர் அதைப் படிப்பதே இல்லை. எந்திரம் படிப்பது அதைத்தான். ஒவ்வொரு வரியிலும் 44 இடங்கள். முதல் வரியில் நாட்டுக் குறியீட்டுக்குப் பிறகு குடும்பப் பெயர், அடுத்து இரண்டு கோணக் குறிகள், பிறகு இட்ட பெயர். பெயருக்கென்று ஒதுக்கப்பட்டவை 39 இடங்கள் மட்டுமே. பாலசுப்பிரமணியன் மகன் மீனாட்சிசுந்தரம் போன்றவர்களுக்கு அந்த இடம் நெருக்கடியாகிவிடும், இன்னும் நீண்ட பெயர் என்றால் கடைசி எழுத்துகள் வெட்டுப்பட்டு நிற்கலாம். மேலே முழுப் பெயர், கீழே வெட்டிய பெயர். அந்த வரியில் ஆங்கிலப் பேரெழுத்துகளுக்கும் எண்களுக்கும் கோணக் குறிக்கும் மட்டும்தான் இடம். சாய்வுக்கோட்டுக்கு இடமில்லை. சிங்கப்பூரில் பிறந்த நமக்கும் இதில் பங்கு உண்டு. என் அடையாள அட்டையில் அப்பா பெயருக்கு முன் ‘டி/ஓ’ இருக்கிறது. அந்தச் சாய்வுக்கோட்டை ஏற்காத இணையப் படிவங்களை நானே சந்தித்திருக்கிறேன். ஆகவே டிக்கெட் எடுக்கும்போதும் இணையத்தில் விண்ணப்பிக்கும்போதும் அந்த இரண்டு வரியைப் பார்த்து, எது குடும்பப் பெயர், எது இட்ட பெயர் என்று உறுதி செய்துகொண்டு எழுதுங்கள். வீட்டில் கூப்பிடும் வரிசையில் எழுதாதீர்கள்.

ஒரே பெயர் மட்டும் உள்ளவர்களுக்குக் கூடுதல் கவனம் வேண்டும். சில விமான நிறுவனங்கள் அதே பெயரை இரண்டு கட்டத்திலும் எழுதச் சொல்லும், சில வேறு வழி சொல்லும். கேட்டுவிட்டுத்தான் பதிய வேண்டும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்களுக்குச் சுற்றுலா, வருகை விசாக்களில் நுழைவு இல்லை என்று அறிவித்தது. இங்கே வேலை முடிந்து வளைகுடாப் பக்கம் போக நினைப்பவர்கள் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கும்போதே இதை யோசித்துக்கொள்வது நல்லது.

எழுத்துப்பெயர்ப்பு இன்னொரு பெரிய காடு. தமிழில் ஒரே பெயர், ஆங்கிலத்தில் நாலு உருவம். தமிழ்ச்செல்வன் என்ற பெயரில் முதல் எழுத்துக்கு டி மட்டுமா, டி-யும் எச்-சும் சேர்த்தா. ழகரத்துக்கு எல்-லா, இஸட்-டும் எச்-சுமா. நடுவில் சகரத்துக்கு எஸ்-ஸா, சி-யும் எச்-சுமா? பள்ளி ஆசிரியர் ஒரு விதமாக எழுதியிருப்பார், வாக்காளர் அட்டையில் ஒரு விதம், பாஸ்போர்ட்டில் இன்னொரு விதம். இந்த ஊரிலும் பழைய குடும்பங்களின் அட்டைகளைப் பார்த்தால் லட்சுமி என்ற பெயர் லெட்சுமி என்று ஒலிக்கும்படி எழுதப்பட்டிருக்கும். அவர்களின் தமிழ்நாட்டு உறவினர்களின் ஆவணங்களில் எழுத்துகள் வேறு. ஒரு சொத்துப் பங்கீட்டுக்காக இரண்டு நாட்டுக் காகிதங்களையும் அருகருகே வைக்கும் நாளில்தான் இது வெளியே வரும்.

ஊர்ப் பெயரும் அப்படித்தான். தஞ்சாவூருக்கு ஆங்கிலத்தில் பழைய உருவம் ஒன்று, புதிய உருவம் ஒன்று. திருச்சிராப்பள்ளிக்குச் சுருக்கம் வேறு. 2020 ஜூனில் தமிழ்நாடு அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துகளைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணை வெளியிட்டு, சில நாளிலேயே திரும்பப் பெற்றுக்கொண்டது. அதே ஆண்டு நாகப்பட்டினம் மாவட்டத்திலிருந்து மயிலாடுதுறை தனி மாவட்டமாகப் பிரிந்தது. எங்களிடம் உள்ள சீர்காழிப் பக்கத்து ஊழியர் ஒருவரின் பாஸ்போர்ட்டில் நாகப்பட்டினம், புதுப்பித்த ஆதாரில் மயிலாடுதுறை. ஒருவர் இரண்டு ஊரில் பிறக்க முடியுமா என்று ஒரு முகவர் அவரை மிரட்டி, சரிசெய்துதர நல்ல தொகை கேட்டிருக்கிறார். அவர் பிறந்த வீடு நகரவில்லை, மாவட்ட எல்லைதான் நகர்ந்தது. யாருமே பிழை செய்யாமலும் மிஸ்மேட்ச் வரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. அந்த முகவரிடம் ஒரு காசும் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

சரி, எந்த இரண்டு என்று கண்டுபிடித்தாயிற்று. இனி எதை மாற்றுவது? இங்கேதான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள், நானும் இதைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன். தொடக்கக் கல்லூரியில் உயிரியல் படிக்கும் என் மகள் ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் டி.என்.ஏ. பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். டி.என்.ஏ.யின் இரண்டு இழைகளிலும் உள்ள நான்கு வகை வேதிப்பொருள்களை ஏ, டி, ஜி, சி என்ற எழுத்துகளால் குறிப்பார்கள். ஏ-க்கு எதிரே டி-யும், ஜி-க்கு எதிரே சி-யும் இருக்க வேண்டும். நகலெடுக்கும்போது சில சமயம் ஜி-க்கு எதிரே டி வந்து உட்கார்ந்துவிடும். விஞ்ஞானிகள் அதற்கு வைத்திருக்கும் பெயரும் மிஸ்மேட்ச்தான். செல் அதைக் கண்டுபிடித்துத் திருத்தும் முறையை விளக்கியதற்காகப் பால் மாட்ரிச் 2015இல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவரானார். என்னைப் பிடித்து நிறுத்தியது இதுதான்: ஜி-யும் டி-யும் சேரவில்லை என்று தெரிந்தால் மட்டும் போதாது. இரண்டில் எது மூலம், எது நகல் என்று செல்லுக்குத் தெரிய வேண்டும். நகலை விட்டுவிட்டு மற்றதைத் திருத்தினால் மூலமே கெட்டுவிடும். ஈ கோலை பாக்டீரியாவில் பழைய இழையில் மெத்தில் என்ற வேதிக்குறி ஏறியிருக்கும். புதிதாக உண்டான இழையில் அது இன்னும் ஏறியிருக்காது. குறி இல்லாத இழையை வெட்டி எடுத்துவிட்டு, பழைய இழையைப் பார்த்து மறுபடி எழுதுகிறது அந்த உயிர்.

ஆவணங்களிலும் கேட்க வேண்டியது இதையேதான்: எது மூலம்? சிங்கப்பூரில் வேலை செய்யும் வெளிநாட்டு ஊழியருக்கு இந்த ஊரைப் பொறுத்தவரை மூலம் பாஸ்போர்ட். அதைப் பார்த்துத்தான் வேலை அனுமதி, அதைப் பார்த்துத்தான் வங்கிக் கணக்கு, அதைப் பார்த்துத்தான் டிக்கெட். எனவே பாஸ்போர்ட்டில் உள்ளது உண்மையாகவும் சரியாகவும் இருந்தால், அதைத் தொடாமல் மற்றவற்றை அதனோடு ஒத்துப்போகும்படி செய்வதே குறைந்த அலைச்சல். பாஸ்போர்ட்டை மாற்றினால் முதலாளி வழியாக மனிதவள அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டும், வங்கிக்குச் சொல்ல வேண்டும், ஏற்கெனவே எடுத்த டிக்கெட்டையும் பார்க்க வேண்டும். பாஸ்போர்ட்டிலேயே பிழை என்றால் கதை வேறு. அப்போது அதற்கும் பின்னால் போய், பிறப்புச் சான்றிதழையும் பள்ளிச் சான்றிதழையும் எடுத்து, கிரேஞ்ச் சாலையில் உள்ள இந்தியத் தூதரகத்தின் நடைமுறைப்படி திருத்த வேண்டும். விடுமுறையில் ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கும். விடுமுறை கல்யாணம், காது குத்து, வீட்டு வேலை என்று பறந்துவிடும்.

எல்லாப் பொருந்தாமையையும் திருத்தத்தான் வேண்டும் என்பதில்லை. நம் இலக்கணம் இதை அழகாகப் பார்க்கிறது. ‘அவன் வந்தாள்’ என்றால் எழுவாய்க்கும் பயனிலைக்கும் பால் பொருந்தவில்லை, அது வழு. ஆனால் ஒருவர் தன் பசுவைத் தடவிக்கொடுத்து ‘என் அம்மை வந்தாள்’ என்றால், அஃறிணை உயர்திணையாக வந்திருந்தாலும் அன்பு என்ற காரணம் இருப்பதால் வழுவமைதி என்று ஏற்றுக்கொள்கிறது. காரணம் காட்டினால் ஏற்கப்படும் பொருந்தாமை. ஆவண உலகிலும் அப்படி ஒன்று உண்டு. இரண்டு பெயரும் ஒரே ஆளைக் குறிக்கின்றன என்று இந்தியாவில் பிரமாணப் பத்திரம் எழுதித் தருகிறார்கள். இங்கே சத்தியப் பிரமாண ஆணையர் முன்னிலையில் சட்டபூர்வ உறுதிமொழி எடுக்கலாம். அறுபது வயதுக்காரரின் பள்ளிச் சான்றிதழைப் போய்த் திருத்துவதைவிட இது எளிது. ஆனால் எந்த அலுவலகம் கேட்கிறதோ அது இதை ஏற்குமா என்று முதலில் கேளுங்கள். சொல்வது முழு உண்மையாக இருக்க வேண்டும். பொய் உறுதிமொழி குற்றம். பிறந்த தேதி விஷயத்தில் நான் மிகவும் கண்டிப்பாக இருக்கிறேன். பெயரில் ஓர் எழுத்து மாறுவதற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். வயதைக் கூட்டியோ குறைத்தோ எழுதிவிட்டு அதற்கு ‘மிஸ்மேட்ச்’ என்று மென்மையான பெயர் வைத்தால் நான் உதவ மாட்டேன்.

கையெழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கணக்குத் தொடங்கும்போது தமிழில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பிறகு ஆங்கிலத்தில் போடப் பழகியவர்கள் நிறையப் பேர். வங்கியில் கொடுத்த மாதிரிக் கையெழுத்தைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொண்டால் போதும். தமிழில் போடுவது முழுக்கச் சரி, வெட்கப்பட ஒன்றுமில்லை. எங்கும் அதையே போடுங்கள்.

ஆவணங்களுக்கு வெளியேயும் இந்தச் சொல் புழங்குகிறது. அங்கே அதன் சாயல் கொஞ்சம் மாறும். என் அண்ணன் மகன் மின்னணுவியலில் பட்டயம் படித்தவன். ஒரு கிடங்கு நிறுவனத்தில் நேர்முகத்துக்குப் போய்வந்து, “அத்தை, ஸ்கில்ஸ் மிஸ்மேட்ச் என்று சொல்லிவிட்டார்கள். நான் லாயக்கில்லை என்பதை நாகரிகமாகச் சொல்கிறார்கள்” என்று சோர்ந்து உட்கார்ந்தான். விளம்பரத்தையும் அவன் தன்விவரக் குறிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு வரியாக ஒப்பிடச் சொன்னேன். அவன் கற்றது குறைவு இல்லை, அவர்கள் கேட்டது வேறு. கிடங்கு நிர்வாக மென்பொருள் தெரிந்த ஆள் அவர்களுக்கு வேண்டும். திறன் ஒரு பக்கம், வேலை இன்னொரு பக்கம், இடையில் இருக்கும் இடைவெளிக்குத்தான் அந்தப் பெயர். தேவைக்கு மேல் படித்திருந்தாலும் அதே பெயர்தான். 2015இல் தொடங்கிய ஸ்கில்ஸ்ஃபியூச்சர் என்ற சிங்கப்பூர் அரசின் திறன் பயிற்சித் திட்டம் இந்த இடைவெளியை மனத்தில் வைத்தே பேசப்படுகிறது. 25 வயதை எட்டிய குடிமக்களுக்குப் பயிற்சிக்கென்று 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுத்தார்கள். அவன் அதைத் தொடாமலே வைத்திருந்தான். இப்போது பயன்படுத்திக்கொண்டான்.

விளையாட்டில் மட்டும் இந்தச் சொல் நடுநிலையாக நிற்பதில்லை. ஒரு குத்துச்சண்டையை மிஸ்மேட்ச் என்று எழுதினால், ஒருவர் மிக வலுவானவர், மற்றவர் அவருக்கு ஈடே இல்லை, போட்டியே நியாயமில்லை என்று பொருள். தம்பதியைப் பார்த்து அப்படிச் சொன்னாலும் புண்படுத்தும். தமிழில் ஏழாம் பொருத்தம் என்று ஒருவர் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டோம் அல்லவா? ஆங்கிலத்திலும் ஆட்களைப் பற்றிப் பேசும்போது இதைத் தவிர்ப்பதே மரியாதை.

பொருளாதாரச் செய்தி படிப்பவர்கள் 1997 ஆசிய நிதி நெருக்கடி பற்றிய கட்டுரைகளிலும் இதைப் பார்த்திருக்கலாம். தாய்லாந்து நிறுவனங்கள் டாலரில் கடன் வாங்கின, அவற்றின் வருமானம் ‘பாட்’ என்ற தாய்லாந்து நாணயத்தில் வந்தது. குறுகிய காலத்தில் திருப்ப வேண்டிய கடனை நெடுங்காலத் திட்டங்களில் போட்டன. ஜூலை 2ஆம் தேதி பாட் நாணயத்தின் மதிப்பைச் சந்தையே தீர்மானிக்கட்டும் என்று மிதக்கவிட்டதும் அதன் விலை சரிந்து, டாலர் கடன் தலைக்கு மேல் போய்விட்டது. நாணயத்தில் ஒரு மிஸ்மேட்ச், காலத்தில் ஒரு மிஸ்மேட்ச். கடனாகத் தனியே பார்த்தால் கடன், வருமானமாகத் தனியே பார்த்தால் வருமானம். சேர்த்து வைத்தபோதுதான் ஓட்டை தெரிந்தது. ஏறக்குறைய இதையே சிறிய அளவில் நம் தொழிலாளர்களிடமும் பார்க்கிறேன். ஊரில் ரூபாயில் வாங்கிய கடனுக்குத் தவணை மாதத் தொடக்கத்தில், இங்கே வெள்ளியில் சம்பளம் அதற்குப் பின்னால். தவணைத் தேதியைத் தள்ளிவைக்க முடியுமா என்று கடன் கொடுத்தவரிடம் கேட்டாலே பாதிச் சுமை இறங்கும்.

இனி, பதில் எழுதுவது. ஆங்கிலத்தில் நம்மவர்கள் பெரும்பாலும் ‘மை நேம் இஸ் மிஸ்மேட்ச்’ என்று எழுதுகிறார்கள். என் பெயரே மிஸ்மேட்ச் என்று அது படிக்கும். பெயர்ச்சொல்லாக வரும்போது இதற்குப் பின்னால் ‘பிட்வீன்’ வரட்டும், அதன்பின் இரண்டு பொருளும் ‘அண்ட்’ சேர்ந்து வரட்டும்: ‘தேர் இஸ் அ மிஸ்மேட்ச் பிட்வீன் த நேம் இன் மை பாஸ்போர்ட் அண்ட் த நேம் இன் மை பேங்க் அக்கவுண்ட்.’ இந்த அமைப்பில் எழுதினால் இரண்டையும் சொல்லியே ஆக வேண்டும் என்பதால் எனக்கு இது பிடிக்கும். வினையாக வேண்டும் என்றால் ‘டூ நாட் மேட்ச்’ என்ற எளிய வடிவம் போதும். மிஸ்மேட்ச்சையே வினையாக்கி வாக்கியம் கட்டுவது பேச்சில் இயல்பாக இராது. ஜோடி மாறிப்போன காலுறை போன்றவற்றுக்கு ‘மிஸ்மேட்ச்ட்’ என்ற பெயரடை இருக்கிறது. சொல்லும்போது பெயர்ச்சொல்லாக இருந்தால் ‘மிஸ்’ மேல் அழுத்தம், வினையாக இருந்தால் ‘மேட்ச்’ மேல். சம்பளத் தாளில் மணிநேரக் கணக்கோ தொகையோ உதைத்தால் ‘டிஸ்கிரிபன்சி’ (கணக்கில் வேறுபாடு) என்பது இன்னும் பொருத்தமான சொல். தொகை தெளிவாகத் தவறு என்று கையில் சான்று இருந்தால் தயங்காமல் ‘எர்ரர்’ என்றே எழுதுங்கள். அங்கே மென்மை வேண்டாம், அது உங்கள் கூலி.

கடிதத்தில் முதலில் எந்த இரண்டு ஆவணங்கள் என்று சொல்லுங்கள். அடுத்து, இரண்டிலும் பெயர் எப்படி இருக்கிறது என்று எழுத்துக்கு எழுத்து எழுதுங்கள். பிறகு ஏன் அப்படி என்று ஒரே வாக்கியத்தில்: அப்பாவின் பெயர் விரித்து எழுதப்பட்டது, அல்லது மாவட்டம் பிரிந்தது. கடைசியில் எதை எதற்கு ஏற்ப மாற்றக் கேட்கிறீர்கள் என்று. மன்னிப்புக் கேட்டு எழுத வேண்டியதில்லை. குற்றம் செய்தவர் போல எழுதினால் படிப்பவருக்கும் அப்படித்தான் தோன்றும். இரண்டு ஆவணங்களின் நகலையும் இணைத்து, பெயர் உள்ள வரியைப் பென்சிலால் கோடிட்டுக் காட்டுங்கள். அனுப்பிய கடிதத்தின் படம் கைப்பேசியில் இருக்கட்டும். வேறோர் அலுவலகம் நாளை இதையே கேட்டால் அதே விளக்கத்தை அதே சொற்களில் கொடுக்கலாம்.